ஆக்சிலேட்டருக்கு மசியாத சத்தம்

அந்தப் பட்டறையில் இரண்டு ராஜ்யங்கள் இருந்தன. லாரியின் வயிற்றுக்குக் கீழே உள்ளதெல்லாம், பிரேக், ஸ்பிரிங் பட்டை, அச்சு, சக்கரம் எல்லாம், மச்சினனுடையது. பானெட்டுக்கு உள்ளே உள்ளது மேஸ்திரியுடையது. நடுவில் யாரும் கோடு கிழிக்கவில்லை. ஆனாலும் மச்சினன் ஸ்பேனரும் கையுமாக இன்ஜின் பக்கம் ஓரடி எடுத்து வைத்தால், மேஸ்திரி தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார். மச்சினன் வேறு ஏதோ தேடி வந்தவன் போலத் திரும்பிப் போய்விடுவான்.

ரோட்டைப் பார்த்த முன்பக்கத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அதை நடத்துகிறவள் மேஸ்திரியின் மனைவி, மச்சினனுக்கு அக்கா. எந்த வண்டிக்கு எந்த கேஸ்கெட் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் அவளுக்கு முழுநேர வேலை. பார்ட்ஸ் விற்பது மிச்ச நேரத்தில்தான்.

மேஸ்திரிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அவர் காது. மற்ற பட்டறைகள் கையை விரித்த வண்டிகளெல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். பானெட்டைத் திறப்பார், கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்வார், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சுத்தியல் தட்டுகிறவன்கூடத் தட்டாமல் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, "மூணாவது இன்ஜெக்டர்" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதுதான். வேலை முடிந்த பிறகும் இதே கூத்து இன்னொரு தடவை நடக்கும். அவர் காது சம்மதித்தால்தான் வண்டிச் சாவி அவர் சட்டைப் பையை விட்டு வெளியே வரும். வண்டிக்காரன் காலில் விழுந்தாலும் அதுவரை கிடைக்காது. இதில் மனிதருக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

அந்தத் தலைக்கனத்துக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. ஐம்பதைத் தாண்டியதும் கண்ணாடி வந்தது. அடுத்து முட்டி மடங்க மறுத்தது. வண்டிக்கடியில் உள்ள குழிக்குள் இறங்குகிற வேலையெல்லாம் அப்போதுதான் மச்சினன் கைக்குப் போனது. மிச்சமிருப்பது காது ஒன்று. அதுவும் போனால் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டயருக்குக் காற்றுப் பிடிக்க வேண்டியதுதான் என்று மனைவியிடம் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அன்று காலையில் நெட்டையின் லாரி வந்தது. நெட்டை என்பது அதன் சொந்தக்காரர், ஓட்டுவதும் அவரேதான். சீட்டில் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும் உயரம். வண்டி அவரைவிடச் சில வயதுதான் இளையது. எத்தனை தடவை பெயிண்ட் மாறியிருக்கிறது என்பதைக் கதவில் உரிந்த இடத்தில் அடுக்கடுக்காகப் பார்க்கலாம். அதை அவர் 'மூத்தவள்' என்றுதான் சொல்வார். வீட்டில் இருப்பவள் இளையவளாம். இந்த ஜோக்கை அவர் சொல்லிச் சொல்லி வீட்டில் இருப்பவளே சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"மூத்தவளுக்கு நெஞ்சுக்குள்ள டிக் டிக்னு அடிக்குது மேஸ்திரி," என்றார் நெட்டை. "சாயந்தரம் குழாய் லோடு ஏத்தணும். மலைப் பாதை வேற. நடு ஏத்தத்துல படுத்துட்டாள்னா தனியா நின்னு நான் என்ன பண்ணுவேன்?"

மேஸ்திரி வழக்கமான விசாரணையை ஆரம்பித்தார். சூடானால் குறைகிறதா? குறையவில்லை. ஆயில் அளவு சரியா? சரி. ஆக்சிலேட்டர் கொடுத்தால் என்ன செய்கிறது?

"கூடவே ஓடியாருது மேஸ்திரி. நான் வேகமாப் போனா அதுவும் வேகமா அடிக்குது."

"அப்ப மேல்தலைதான்," என்றார் மேஸ்திரி. கண்ணைக்கூட மூடவில்லை.

சிலிண்டர் தலைக்கு மேலே இருக்கும் மூடியைக் கழற்றினார்கள். உள்ளே வால்வுகளை வரிசையாகத் தட்டித் திறக்கும் ராக்கர் கைகள், எண்ணெய் பூசிக்கொண்டு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தன. இன்ஜின் மெதுவாக ஓடும்போதே மேஸ்திரி மெல்லிய தகடு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் செருகிப் பார்த்தார். எந்த இடத்தில் தகடு போனதும் சத்தம் அடங்குகிறதோ அங்கேதான் இடைவெளி அதிகம். நான்காவது சிலிண்டரில் செருகியதும் டிக் டிக் வாயை மூடியது. அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியைப் பிடித்து வைக்கும் நட்டு தளர்ந்து போயிருந்தது. இன்ஜினை நிறுத்தி, இடைவெளியை அளந்து வைத்து, நட்டை முறுக்கி, மூடியைப் போட்டார். நெட்டை குடித்துக்கொண்டிருந்த டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை.

ஸ்டார்ட் செய்தார்கள். நெட்டை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு வாயெல்லாம் பல்லானார். "போயிடுச்சு மேஸ்திரி! மூத்தவ கல்யாணப் பொண்ணு மாதிரி அடக்கமா இருக்கா."

மேஸ்திரி கையை உயர்த்தினார். கம்ப்ரஸர் நின்றது. கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்கு மேலே நெற்றி சுருங்கியது.

"இரு. இன்னொண்ணு இருக்கு."

"என்ன இன்னொண்ணு?"

"டிக். டிக்டிக். கேக்கல?"

நெட்டை குனிந்து கேட்டார். அந்த உயரத்துக்கு அவர் குனிவதே பெரிய வேலை. "கேக்கலியே மேஸ்திரி."

"உனக்கு எங்க கேக்கும்? நாள் முழுக்க ஹாரன் அடிச்சு அடிச்சுக் கெட்ட காது."

இங்கிருந்துதான் குழப்பம் ஆரம்பித்தது. முதலில் அவர் பழியைப் புகை போகும் குழாய் மேல் போட்டார். இன்ஜினோடு அது சேரும் இடத்தில் பேக்கிங் விட்டுப் போயிருந்தால் காற்று கசிந்து இப்படித் தட்டும். கடையிலிருந்து புது பேக்கிங் வந்தது. துருப்பிடித்த போல்ட்டுகளை நெட்டையும் சேர்ந்து பல்லைக் கடித்துக் கழற்றினார். மாற்றிப் பூட்டி ஸ்டார்ட் செய்தார்கள். மேஸ்திரிக்கு டிக் டிக் அப்படியே இருந்தது. பழைய பேக்கிங்கைப் புரட்டிப் பார்த்தார். அது நன்றாகத்தான் இருந்தது. அதற்காக அதன் மேலேயே கோபப்பட்டார்.

அடுத்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார். பெல்ட் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டினால் டைனமோவும் தண்ணீர் பம்பும் சும்மா இருக்கும். சத்தம் அவற்றுடையதானால் நின்றுவிடும். நிற்கவில்லை. பெல்ட்டைத் திரும்ப மாட்டினார். டீசல் கொண்டுபோகும் இன்ஜெக்டர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு சிலிண்டராக வேலை நிறுத்தம் செய்ய வைத்தார். இன்ஜின் திக்கியது, திணறியது, புகை கக்கியது. டிக் டிக் மட்டும் யாருக்கு வந்த விருந்தோ என்று தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் அழுத்தி, நுனியை இன்ஜினில் இடம் இடமாக வைத்துக் கேட்டார். இந்த முறையில் எந்த இடத்தில் சத்தம் பெரிதாகிறதோ அங்கே நோய். ஆனால் வைத்த இடமெல்லாம் ஒரே அளவு கேட்டது. இன்ஜின் காலில் கேட்டது, தலையில் கேட்டது, சம்பந்தமே இல்லாத ரேடியேட்டரிலும் கேட்டது. எரிச்சலில் பக்கத்தில் நின்ற மேஜை மேல் வைத்துப் பார்த்தார். அங்கேயும் கேட்டது. மேஜைக்கு ஏது வால்வு? தரை வழியாக அதிர்வு வருகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மச்சினன் சக்கரத்தடியிலிருந்து எழுந்து வந்தான். இந்த முறை அவன் எதையும் தேடி வந்தவன் போல நடிக்கவில்லை.

"மாமா, எனக்கு ஒண்ணும் கேக்கல. சுத்தமா இருக்கு வண்டி."

"உன்னை யாரு கேட்டா?"

"இல்ல மாமா, காலையிலேர்ந்து சாப்பிடாம நிக்கிறீங்க. ஒருவேளை காதுல..."

"காதுல என்ன? சொல்லு. காதுல என்ன?"

மச்சினன் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான். முடிக்காவிட்டால் என்ன, மேஸ்திரிக்கு அந்த அரை வாக்கியமே போதும். என் இடத்துக்கு இவன் எப்போதிலிருந்து காத்திருக்கிறானோ என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டார். வெட்கத்தை மறைக்கக் கடையைப் பார்த்துக் கத்தினார்.

"இந்தா, இங்க வா! நீ கேட்டுச் சொல்லு."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இன்ஜினுக்கு மேல் தலையைச் சாய்த்து நிதானமாகக் கேட்டாள். அவளுக்குப் பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க."

"உனக்கு என்ன தெரியும்? போய்க் கடையைப் பாரு."

அவள் முகம் சுண்டிப் போயிற்று. திரும்பிக் கடைக்குப் போய்விட்டாள். கூப்பிட்டதும் இவர்தான், விரட்டியதும் இவர்தான். நியாயம் கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. நெட்டை வாட்சைப் பார்ப்பதும் மேஸ்திரியின் சட்டைப் பையைப் பார்ப்பதுமாக இருந்தார். "நான் வேணா பொறுப்பு ஏத்துக்கறேன் மேஸ்திரி. சாவியைக் குடுங்க," என்று கெஞ்சினார். மேஸ்திரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மலைப் பாதையில் நடு ஏற்றத்தில் இந்த மனிதன் தனியாக நிற்பதை நினைத்துப் பார்த்தார். கேட்கிற சத்தத்தைக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்லி அனுப்புவது?

கடைசியாக ஒன்று செய்தார். காலையிலேயே செய்திருக்க வேண்டியது. முதல் சத்தத்துக்கு ஆக்சிலேட்டர் கேள்வியின் பதிலை நெட்டையே சொல்லிவிட்டதால் இரண்டாவதற்கு அதைச் செய்யவே தோன்றவில்லை. மச்சினனிடம் சாவியைக் கொடுத்து சீட்டில் ஏறச் சொல்லி, "மெதுவா ஏத்து" என்றார். மச்சினன் ஆக்சிலேட்டரை மிதித்தான். இன்ஜின் உறுமியது. பானெட் அதிர்ந்தது. டிக் டிக் கூடவே ஓடி வரவில்லை. அதே நடை. டிக். டிக்டிக். டிக். "இன்னும்" என்றார். இன்ஜின் கத்தியது. டிக் டிக் அசைந்து கொடுக்கவில்லை. "விடு" என்றார். இன்ஜின் தணிந்தது. அது தணியவில்லை.

இன்ஜினில் அசைகிற எதுவும் இன்ஜினின் வேகத்தோடுதான் அசையும். வால்வானாலும் பம்பானாலும் அதற்குத் தனி வேகம் கிடையாது. இது அவருக்கு அரிச்சுவடி. ஆக்சிலேட்டருக்கு மசியாத சத்தம் இன்ஜினில் இருக்கவே முடியாது. ஆனால் இன்ஜினை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் அடங்குகிறது, ஓட விட்டால் திரும்ப வருகிறது. இருக்க முடியாதது இருக்கிறது. மனிதருக்குத் தலை சுற்றியது. அவர் வாழ்க்கையில் எந்த இன்ஜினும் அவரிடம் இப்படி நடந்துகொண்டதில்லை.

நாள் முழுவதும் கேட்ட இரைச்சலில் மண்டை விண் விண் என்று தெறித்தது. கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக்கி மூடிக்கொண்டார்.

இன்ஜின் எங்கோ தூரத்துக்குப் போயிற்று. டிக் டிக் போகவில்லை. கிட்டத்தில் வந்து, முன்னைவிடத் தெளிவாக அடித்தது.

கையை எடுத்தார். திரும்ப மூடினார். எடுத்தார். மூடினார். சீட்டில் இருந்த மச்சினனுக்கு மாமா என்னவோ விளையாடுகிறார் போலத் தெரிந்தது. மேஸ்திரி விளையாடவில்லை.

இன்ஜினை நிறுத்தச் சொன்னார். மச்சினனிடமிருந்து சாவியை வாங்கி நெட்டையின் கையில் வைத்தார். கண்ணை மூடி நிற்கவில்லை.

நெட்டைக்கு நம்ப முடியவில்லை. "சத்தம் போயிடுச்சா மேஸ்திரி?"

"வண்டில சத்தம் இல்ல. தைரியமாப் போ."

லாரி கேட்டைத் தாண்டி ரோட்டில் திரும்பி, சந்தைப் பக்கம் மறைந்தது. இந்தத் தடவை டிக் டிக் அடங்காமல் மேஸ்திரியோடு பட்டறையிலேயே தங்கிவிட்டது. அவர் யாரையும் பார்க்காமல் கடைக்குள் நுழைந்து, பின்னால் இருந்த சரக்கு அறைக்குப் போய்விட்டார். ஆணிகளில் ஃபேன் பெல்ட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஆயில் டின்களுக்கு நடுவே ஓர் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தார். மேஜையில் கேட்டது ஞாபகம் வந்தது. ரேடியேட்டரில் கேட்டது ஞாபகம் வந்தது. மூன்று பேர் இல்லை என்றதை நாள் பூராவும் உண்டு என்று சண்டை போட்டது ஞாபகம் வந்தது. இல்லாத சத்தத்தைக் கேட்கிறவனுக்கு ஊரில் என்ன பெயர் என்று அவருக்குத் தெரியும். காது போனால் டயருக்குக் காற்றுப் பிடிக்கலாம். புத்தி போனால் அதற்கும் விட மாட்டார்கள்.

மனைவி வந்து வாசலில் நின்றாள். இன்னும் கோபம் தீரவில்லை. "சாப்பாடு அப்படியே இருக்கு. யார் மேல கோபம்?" என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"என்னங்க?"

"எனக்குத்தான்மா ஏதோ ஆயிடுச்சு."

"என்ன ஆச்சு?"

"காதைப் பொத்தினாலும் கேக்குது. வண்டி போயிடுச்சு, இன்னும் கேக்குது. மண்டைக்குள்ள அடிக்குது." தலையைப் பிடித்துக்கொண்டார். "நெசமா சத்தமா, இல்ல என் புத்திதான் பிசகிப் போச்சான்னு தெரியல. உன் தம்பி கிட்ட சொல்லாத."

அவள் கதவைச் சாத்தினாள். ரோட்டு இரைச்சல் குறைந்தது. அவருக்கு எதிரில் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எந்தக் காது?" என்றாள்.

"இடது."

அவள் தோட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து, தன் காதை அவர் காதோடு ஒட்ட வைத்தாள். எண்ணெய்க் கறையும் வியர்வையும் கன்னத்தில் பிசுபிசுத்தன. "மூச்சு விடாதீங்க," என்றாள். அவரும் விடவில்லை. பெரிய வேலை ஒன்று நடக்கிற மாதிரி இரண்டு பேரும் அசையாமல் இருந்தார்கள்.

"கேக்குதுங்க," என்றாள்.

அவர் நம்பவில்லை. "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றே."

"அட, கேக்குதுங்கறேன். டிக். அப்புறம் சேந்தாப்ல ரெண்டு, டிக்டிக்னு. இப்ப ஒண்ணு. இப்ப... இதோ நின்னுடுச்சு. இதோ, திரும்பவும்."

அவருக்குள் அடித்ததும் அவள் வாய் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. ஒரு டிக்கூடத் தப்பவில்லை. இன்ஜின் இரைச்சல் கிளப்பிவிட்டதில் உள்ளே ஏதோ ஒரு தசையோ நரம்போ துடிக்கிறது. பேர் என்ன என்று காது டாக்டர் சொல்லிக்கொள்ளட்டும். பேர் யாருக்கு வேண்டும்? சத்தம் உண்மை. மேஸ்திரிக்கு அழுகை வந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சந்தோஷத்தில் அழுதார். அவள் அவர் தலையை விடவில்லை. அவளை விரட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அவள் அதை எதிர்பார்க்கிற மாதிரியே தெரியவில்லை.

சந்தோஷம் வடிந்ததும் மிச்சம் இருந்தது வேறொன்று. "நாளைக்கு ஒரு இன்ஜின் முன்னாடி நின்னா, எது அதோட சத்தம், எது என்னோட சத்தம்னு எப்படித் தெரியும்? எதை நம்பி ஒருத்தனை மலையேத்தி விடுவேன்?"

மருந்து போட்டால் சரியாகிவிடும் என்று சொல்ல வந்தாள். தெரியாததைச் சொல்வானேன் என்று விட்டுவிட்டாள்.

கதவுக்கு வெளியே செருப்பு உரசும் சத்தம் கேட்டது. மச்சினன்தான். உள்ளே வரவும் மனசில்லை, போகவும் மனசில்லை. மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, உள்ள வா. கதவைச் சாத்து."

மச்சினன் வந்து நின்றான். அக்காவைப் பார்த்தான். அவள் எழுந்து பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

"உட்காரு. உன் காதை இங்க வை. என்ன கேக்குதுன்னு சொல்லு."

அவன் தயங்கித் தயங்கிக் குனிந்து, மாமாவின் காதில் காதை வைத்தான். அவ்வளவு கிட்டத்தில் அவர்கள் எப்போதும் இருந்ததில்லை. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மச்சினன் அவசரப்படவில்லை. கேட்டான், இன்னும் அழுத்திக் கேட்டான்.

"டிக் டிக்னு ஒண்ணு இருக்கு மாமா. சீரா இல்ல." கொஞ்சம் நிறுத்தினான். "அதுக்குப் பின்னால இன்னொண்ணு லேசா கேக்குது. தும் தும்னு."

மேஸ்திரி திகைத்துப் போனார். அந்த இரண்டாவது சத்தம் அவருக்கே கேட்கவில்லை. மனைவிக்கும் கேட்டிருக்கவில்லை.

"அது என்னது?" என்றார் பயத்தோடு.

"உங்க நாடி மாமா. அது நல்லா ஓடுது."

மேஸ்திரி தலையை எடுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷம் இந்தப் பையனைச் சக்கரத்தடியிலேயே படுக்க வைத்திருந்தோமே என்று இருந்தது.

"உனக்கு நல்ல காது மாப்ள," என்றார்.